தொல்லோ என்ற வினைச்சொல்

பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும், அதற்கு இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டே ரெமிஜியுஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பேசியை மேசைமேல் முகம் குப்புறக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்து வைத்தால் நேரம் ஓடாதா என்ன, ஓடும்தான், ஆனாலும் கவிழ்த்து வைத்தார். பாளையங்கோட்டையில் ஒரு பழைய பள்ளிக்கூடத்து மாடியில், லத்தீன்–தமிழ் அகராதிக்கென்று விட்டிருந்த அறை அது. ஆறு வருஷமாக அந்த அறையில் இரண்டே பேர்: லத்தீன் பக்கத்துக்கு அவர், தமிழ் பக்கத்தைச் சரிபார்க்கப் பிலோமினா டீச்சர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை. த வரிசை இன்று மதியம் அச்சகத்துக்குப் போக வேண்டும். சொல்லுக்கு ஒரு சீட்டு என்று எழுதிவந்ததில் எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி. தொல்லோ. அதை அவர் நேற்றே முடித்திருக்கலாம், முந்தாநாளே முடித்திருக்கலாம். முந்தாநாள் பன்னிரண்டு மணிக்குத்தான் அந்தச் செய்தி வந்தது. மூன்றரை வருஷம் காத்திருந்த பிறகு, தத்தெடுப்பதற்காகப் பதிவு செய்திருந்த தளத்திலிருந்து ஒரு குழந்தையின் படமும் விவரமும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஏற்கிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அது இல்லை என்றே ஆகும், பிள்ளையின் கோப்பு வரிசையில் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தாரணி, பெண், வயது ஐந்து. அவருக்கு ஐம்பது, ஜெசிந்தாவுக்கு நாற்பத்தாறு. இந்த வயதில் கைக்குழந்தை தரமாட்டார்கள், நடக்கிற பிள்ளைதான் வரும் என்று தெரிந்தே பதிந்தது. மஞ்சள் கவுன் போட்டு நிற்கிறாள். ஒரு கை கவுனின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது. காமிராவைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே யாரையோ பார்க்கிறாள். யாரை?

சீட்டைப் பார்த்தார். தொல்லோ, தொல்லெரே, சுஸ்துலி, சுப்லாத்தும். லத்தீனில் ஒரு வினைச்சொல்லுக்கு நான்கு முதல் வடிவங்களைச் சொல்லிவிட்டால் மீதி அத்தனையும் அதிலிருந்து கிளைத்துவிடும்: தூக்குகிறேன், தூக்க, தூக்கினேன், தூக்கப்பட்டது. சாமியாருக்குப் படித்த குருமடத்தில் பத்தொன்பது வயதில் மனப்பாடம் செய்தபோது பக்கத்துப் பையன்கள் தொல்லோவைத் தொல்லை என்றுதான் சொல்வார்கள். தொல்லைதான். முதல் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், முகம் பார்த்தாலே தெரியும். மூன்றாவதும் நான்காவதும் யார்? தொல்லோ எங்கே, சுஸ்துலி எங்கே? நிகழ்காலத்தைப் பார்த்து இறந்தகாலத்தை ஊகிக்கவே முடியாத சொல். விவரம் தெரிந்த பிறகுதான் கதை புரிந்தது. துலி என்பது முன்னொரு காலத்தில் தொல்லோவுக்கே சொந்தமான இறந்தகாலம். சுமக்கிறேன் என்று பொருள்படும் ஃபெரோ என்ற வேறொரு சொல்லுக்கு இறந்தகாலமே இல்லாமல் போக, அது வந்து இதனுடையதை வாங்கிக்கொண்டது. பிறகு தொல்லோவுக்கு இறந்தகாலம் வேண்டியிருந்தபோது, தன்னுடையதையே முன்னால் ஒரு சிறு ஒட்டு வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டது. இதை வாசித்த அன்று அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை, ஜெசிந்தாவிடம் சோறு போடும்போதே சொன்னார். அவள், "கொடுத்துட்டுத் திரும்ப வாங்கிக்கிட்டதா" என்று மட்டும் கேட்டாள். கொடுத்துவிட்டுத் திரும்ப. வாங்கிவிட்டுத் திரும்ப. அந்தக் கோப்பின் கடைசி வரி. அதை மட்டும் நினைக்கக் கூடாது என்றுதான் ஒன்பதே காலிலிருந்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அது எப்படியோ சுற்றிக்கொண்டு வந்து முன்னால் நிற்கிறது.

எடை பதினான்கு கிலோ நானூறு. ஜெசிந்தா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், மருத்துவ அறிக்கையை அவள்தான் வாசித்தாள். விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து வாசித்தாள். எடை கம்மி. ஹீமோகுளோபின் ஒன்பது. தடுப்பூசி எல்லாம் சரி. வேற ஒண்ணுமில்ல. கீழே வந்ததும் விரல் நின்றது. முன்னர் ஒரு குடும்பத்தில் நான்கு மாதங்கள் வைக்கப்பட்டு, ஒத்துப்போகாத காரணத்தால் திரும்பப் பெறப்பட்டது. இருவரும் அந்த வரியை வாசித்தார்கள், ஆனால் சத்தமாக யாரும் வாசிக்கவில்லை. அவருக்கு உடனே தோன்றியது இலக்கணம்தான், தோன்றியதற்காக வெட்கமும் வந்தது. பெறப்பட்டது. யார் பெற்றார்? யார் கொடுத்தார்? செயப்பாட்டுவினையில் செய்தவர் தப்பித்துவிடுகிறார். பெறப்பட்டது என்று அஃறிணையில் எவனோ எழுதியிருக்கிறான், குழந்தை என்ற சொல் அஃறிணை, தப்பில்லை. லத்தீனில் எழுதியிருந்தால் சுப்லாத்தா எஸ்த் என்றிருக்கும், அந்த ஆ பெண் என்று சொல்லிவிடும். ஒரு எழுத்து, அவளுக்கென்று. ஆனால் சுப்லாத்தா எஸ்த் என்றால் தூக்கப்பட்டாள் என்றும் பொருள், அகற்றப்பட்டாள் என்றும் பொருள். இரண்டுக்கும் ஒரே வடிவம். எது என்று பக்கத்திலிருக்கிற சொற்கள்தான் சொல்ல வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் என்ன? ஐந்து வயதுப் பிள்ளை யாரோடு ஒத்துப்போக வேண்டும்? கடித்திருப்பாளோ. படுக்கையில் மூத்திரம் போயிருப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்திருப்பாள். நான்கு மாதம் என்பது ஒரு பிள்ளைக்கு அம்மா என்று கூப்பிடப் பழகிக்கொள்ளப் போதுமான காலம். கூப்பிட்டிருப்பாளா? கூப்பிட்ட பிறகா?

"சார், பொருள் வரிசை எப்படிப் போட்டிருக்கீங்க? தமிழ்ல பாக்கணும்" என்றார் பிலோமினா டீச்சர், தன் மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே.

"முதல்ல தூக்குதல். அப்புறம் சுமந்து போதல். மூணாவது, பிறந்த பிள்ளையைத் தனதுன்னு ஏத்துக்கிட்டு வளர்த்தல். நாலாவது அகற்றுதல், நீக்குதல். அஞ்சாவது ஒழித்தல், கொல்லுதல்."

"மூணும் நாலும் பக்கத்துல பக்கத்துல வருதே."

"அதான் டீச்சர் பாக்கேன்."

"என்ன பாக்கீங்க? எல்லாத்துக்கும் தமிழ்ல ஒரே சொல் இருக்கே. எடு. தூக்கி எடு, பிள்ளைய எடுத்து வளர்த்தாங்க, முள்ளை எடு, பிணத்த எடுத்தாச்சு. வெள்ளைக்காரன் நாக்குக்கு அஞ்சு எண் வேணும். நமக்கு ஒண்ணு போதும்."

டீச்சர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தன் திருத்தத்துக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. இந்த விஷயம் ஜெசிந்தாவையும் அவரையும் தவிர யாருக்கும் தெரியாது. எடு. பிள்ளை எடுத்திருக்காங்க என்று ஊரில் சொல்வார்கள், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. எப்ப எடுக்கீங்க என்று கேட்பார்கள், சாவு வீட்டில். அப்பா செத்த அன்று வீரபாண்டியன்பட்டணத்து வீட்டு வாசலில் யாரோ வந்து அவர் தோளைத் தொட்டு, எப்ப எடுக்கீங்க தம்பி என்று கேட்டபோது ஒரு நிமிஷம் அவருக்கு அந்த வினைச்சொல்லே விளங்கவில்லை. எதை எடுக்க? எங்கிருந்து எடுக்க? பதினோரு வருஷம் ஆயிற்று. ரோமாபுரியில் பிள்ளை பிறந்ததும் நிலத்தில் கிடத்துவார்களாம், தகப்பன் குனிந்து தூக்கினால் அது அவன் பிள்ளை, தூக்காவிட்டால் இல்லை. அப்படியொரு சடங்கு உண்மையில் நடந்திருக்குமா என்று இப்போது அறிஞர்கள் சந்தேகப்படுகிறார்கள், வெறும் சொல்வழக்காக இருக்கலாம் என்கிறார்கள். இருக்கட்டும். சடங்கு இல்லாவிட்டாலும் சொல் இருக்கிறது. யாரோ ஒருவன் எப்போதோ குனிந்திருக்காவிட்டால் அந்தச் சொல் எப்படி வந்திருக்கும்? ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை தரையில் கிடக்காதே, நிற்கும், நின்று பார்க்கும். இவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்கும். ஏற்கெனவே ஒருவன் குனிந்து தூக்கியதையும் இறக்கிவிட்டதையும் பார்த்த கண். அந்தக் கண்ணுக்கு முன்னால் போய் நிற்க அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொரு பயம் இருந்தது, அதை அவர் ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.

நேற்று ராச்சாப்பாடு முடிந்து கை கழுவும்போதே அவள் பேசிவிட்டாள். "எனக்குச் சரி. நான் முந்தாநாளே முடிவு பண்ணிட்டேன். ஆனா உங்களுக்கும் சேத்து நான் சரி சொல்ல முடியாது. நாளைக்கு அந்தப் பிள்ளை யாரையாவது கடிச்சு வச்சா, சாமானைப் போட்டு உடைச்சா, நீதானே கேட்டேன்னு என் மூஞ்சியப் பாக்கக் கூடாது. அதுக்குத்தான் சொல்லுதேன். நீங்க சரின்னா சரி. வேண்டாம்னா வேண்டாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்." கோவிச்சுக்க மாட்டேன் என்று சொல்லும்போது குழாயைத் திறந்தாள், தேவையில்லாமல். அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும் என்றால், இருபத்தாறு வயதிலிருந்து தொடங்க வேண்டும். திரும்பக் கொடுக்கிறவன் நான், ஜெசி. அதுதான் அந்த இன்னொரு பயம். பிறக்கும்போதே அம்மா நேர்ந்துவிட்ட பிள்ளை, முந்தின இரண்டும் தங்காமல் மூன்றாவதாகத் தங்கியவன், கோயிலுக்கென்று எழுதிவைக்கப்பட்டவன். எட்டு வருஷம் குருமடத்தில் படித்துவிட்டு, குருப்பட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, முடியாது என்று சொன்னவன். காரணம் கேட்டார்கள். காரணம் சொல்லத் தெரியவில்லை. ஒத்துப்போகவில்லை என்றுதான் அவரும் அன்று சொன்னார், அதே சொல், அதிபருடைய அறையில், மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு. எட்டு வருஷம் சுமந்ததை எட்டு நிமிஷத்தில் இறக்கி வைத்தவனுக்கு நான்கு மாதம் எம்மாத்திரம்? அந்த முந்தின குடும்பத்துத் தகப்பனை அவர் இரண்டு நாளாக மனத்துக்குள் திட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவன் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றால் ஒவ்வொரு முறையும் தன் முகம்தான் வருகிறது.

கைப்பேசியைப் புரட்டினார். பத்து ஐம்பது. மறுபடி கவிழ்த்தார். வெளியே பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்து, பிள்ளைகளின் இரைச்சல் ஒரே வீச்சாக மேலே வந்தது. ஓர் உதாரணம் வேண்டும் மூன்றாவது பொருளுக்கு. நங்கூரம் தூக்குதல் என்று முதல் பொருளுக்குப் போட்டாயிற்று, லத்தீன்காரர்களும் நங்கூரம் தூக்குவதைத் தொல்லோ என்றுதான் சொன்னார்கள், கடலுக்குப் போகிற அப்பா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். அப்பா எதையும் கேட்டதில்லை. குருமடத்துக்குப் போனபோதும் கேட்கவில்லை, வந்தபோதும் கேட்கவில்லை. அன்று திருச்செந்தூர் பஸ்ஸில் வந்து இறங்கியபோது காலை எட்டரை இருக்கும். அந்த நேரத்தில் அப்பா கரையில் மீன் ஏலத்தில் நிற்க வேண்டியவர். பஸ் நிறுத்தத்தில் நின்றார். சாப்பிட்டியா என்றார். இல்லை என்றார் இவர். அப்பா பஸ்ஸின் பின்னால் போய் டிரங்குப் பெட்டியை இறக்கி, எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் தூக்குறேன்பா என்று சொன்னது அவர் காதில் விழவில்லை, அல்லது விழுந்தது. கடற்கரை ஓரமாக ஒரு பாதை இருக்கிறது, யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய்ச் சேரலாம். அப்பா அந்தப் பாதையில் திரும்பவில்லை. கோயில் தெருவில் போனார். பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம். வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பெண்கள் முக்காட்டை இறக்காமலே நின்றார்கள். சாமியாராகப் போன பையன் திரும்பி வருகிறான். பெட்டியின் மேல் வெள்ளை எழுத்தில் அவன் பெயர், அப்பாவின் தலைக்கு மேல், தெருவில் உள்ள எல்லோரும் வாசிக்கிற மாதிரி. தெருவின் நடுவில், வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல், அப்பா நடந்தார். இருபத்து நான்கு வருஷமாக ரெமிஜியுஸ் அதை மன்னித்ததில்லை. அவமானப்படுத்தத்தான் அப்படிச் செய்தார் என்று நினைத்தார். ஊர் பார்க்கட்டும், இவன் கொண்டுவந்து சேர்த்த வெட்கத்தை ஊரே பார்க்கட்டும் என்று. அம்மா மூன்று வருஷம் பேசவில்லை, அதைக்கூட மன்னித்துவிட்டார். இந்த நடையை மன்னிக்கவில்லை.

மூன்றாவது பொருள்: தனதென ஏற்றல். பேனா தாளின் மேல் நின்றது. ஏன் கடற்கரைப் பாதையில் போகவில்லை? அவமானப்படுத்த நினைக்கிறவன் எதற்காகப் பெட்டியைத் தான் சுமக்க வேண்டும்? என் தலையில் அல்லவா ஏற்றியிருக்க வேண்டும். நடடா என்று என்னை முன்னால் விட்டு, அப்பா பின்னால் வந்திருக்க வேண்டும், அல்லது வராமலே இருந்திருக்க வேண்டும். ஏலத்தை விட்டுவிட்டு வந்தார். அன்றைய மீனை யார் கையிலோ கொடுத்துவிட்டு வந்தார். மறைத்துக் கூட்டிப் போயிருந்தால் அது மறைக்க வேண்டிய விஷயமாக ஆகியிருக்கும், ஆயுசுக்கும் நான் கடற்கரைப் பாதையிலேயே நடந்திருப்பேன். இவன் என் மகன், திரும்பி வந்திருக்கிறான், இது இவன் பெட்டி, நான் தூக்கிக்கொண்டு போகிறேன், பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அதை அப்பாவுக்கு வாயால் சொல்லத் தெரியாது. சாப்பிட்டியா என்பதற்கு மேல் அவரிடம் சொல் கிடையாது. அப்படியா அப்பா? அதுதானா? கேட்க ஆள் இல்லை. அதுவாக இல்லாமலும் இருக்கலாம், வெறும் பழக்கத்தில் அந்தத் தெருவில் போயிருக்கலாம். ஆனால் ரெமிஜியுஸுக்குக் கண் எரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷமும் அந்தக் கதையைச் செய்வினையிலேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்: நான் திரும்பக் கொடுத்தேன், நான் இறக்கி வைத்தேன், நான் நான் என்று. அந்தக் காலையில் திரும்பி வந்தது யார்? வேண்டாம் என்று ஆகிப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கியது யார்? அந்தப் பிள்ளையின் பக்கத்தில் அல்லவா நான் நிற்கிறேன். அவளுக்கும் ஒரு பை இருந்திருக்கும். நான்கு மாதத்துக்கு வாங்கிக்கொடுத்த உடுப்புகள் உள்ள பை. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு யார் வந்தார்கள்? அவளே பிடித்துக்கொண்டு வந்தாளா?

"சார், முடிஞ்சுதா? பதினொன்றரைக்கு அச்சகத்துக்காரர் வருவாரு."

"இந்தாங்க டீச்சர்." மூன்றாவது பொருளுக்கு நேரே, தன் பிள்ளை என்று ஊரறிய ஏற்றல் என்று எழுதி, ஊரறிய என்ற சொல்லை அடித்து, பிறகு அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினார். டீச்சர் வாங்கிப் பார்த்தார்.

"ஊரறியன்னு லத்தீன்ல இருக்கா?"

"இல்லை."

"பிறகு?"

"நீங்க எடுத்துருங்க டீச்சர், அகராதிக்கு வேண்டாம்" என்றார் அவர். டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொண்டார். எடுத்தாரா விட்டாரா என்று தெரியவில்லை.

அச்சகத்து ஆள் வந்து த வரிசைத் தாள்கட்டை வாங்கிக்கொண்டு போனபோது பதினொன்று நாற்பத்து மூன்று. ரெமிஜியுஸ் வராந்தாவுக்கு வந்தார். தளத்தைத் திறந்தார். ஒரு முறை சுற்றிச் சுற்றி நின்றது, மறுபடி திறந்தார். மஞ்சள் கவுன் வந்தது. பயம் போகவில்லை. போய்விடும் என்று காலையிலிருந்து காத்திருந்தது தப்பு என்று இப்போது தோன்றியது, அது கூடவே இருக்கும், கடிக்கிற நாளிலும் உடைக்கிற நாளிலும் இருக்கும். ஏற்கிறேன் என்ற கட்டத்தைத் தொட்டார். உறுதிசெய்ய உங்கள் பதிவு எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது என்று வந்தது. பதிவு எண் ஜெசிந்தாவுடையது. அவள் வார்டில் இருப்பாள். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. பதினொன்று ஐம்பது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"ட்யூட்டில இருக்கேன். என்ன?"

"ஒரு ஓடிபி வந்திருக்கும். பாத்துச் சொல்லு."

"எதுக்கு ஓடிபி? பேங்க்லயா?"

"இல்ல. சரின்னு போட்டிருக்கேன்."

எதிர்ப்பக்கம் ஒரு தள்ளுவண்டி உருண்டு போகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு நோயாளி தண்ணீர் கேட்டார். பிறகு அந்தச் சத்தங்களிலிருந்து அவள் விலகி எங்கோ ஓரமாக வந்துவிட்டது தெரிந்தது.

"நாலு" என்றாள். "ஒண்ணு. ஏழு."

அவர் தட்டினார். அடுத்த எண் வரவில்லை.

"ஜெசி, இன்னும் மூணு இருக்கு."

"தெரியுது. இருங்க. கண்ணாடி இல்லாம சரியாத் தெரியல."

அவள் கண்ணாடி போடுவதே இல்லை. ஊசி மருந்துக் குப்பியில் இருக்கிற பொடி எழுத்தைத் தூரத்திலிருந்தே வாசிப்பாள். வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு, திரையில் வினாடிகள் குறைவதைப் பார்த்துக்கொண்டு, காத்திருந்தார். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நேரம் போயிட்டா இன்னொண்ணு அனுப்பச் சொல்லலாம்" என்றார்.

"வேண்டாம். சொல்லுதேன். எழுதுங்க." ரத்த அழுத்தம் படித்துச் சொல்கிற குரலை அவள் வரவழைத்துக்கொண்டாள். "பூஜ்யம். ஆறு. ஆறு. போட்டாச்சா?"

"போட்டேன்."

"ஒரு தடவை வாசிங்க. தப்பாப் போயிறக் கூடாது."

அவர் ஒவ்வோர் எண்ணாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் ம் என்றாள்.